குவிஸில் பத்துக்கு ஒன்பது, பரீட்சையில் பாதிகூட இல்லை: ஆன்லைன் குவிஸை நிறுத்திவிடலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். எட்டாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறீர்கள். பாடம் முடிந்ததும் கடைசிப் பத்து நிமிடம் ஆன்லைன் குவிஸ் விளையாட்டு வைக்கிறீர்கள். பிள்ளைகள் துள்ளுகிறார்கள், பத்துக்கு எட்டு ஒன்பது சரியாகவும் சொல்கிறார்கள். மூன்று வாரம் கழித்துப் பரீட்சையில் அதையே கேட்டால் பாதி வகுப்பு விழிக்கிறது. இது வெறும் பொழுதுபோக்கா, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குவிஸில் வரும் ஸ்கோர் பிள்ளைகள் படித்ததற்கு அத்தாட்சியா என்பது ஒன்று. குவிஸ் விளையாடுவதால் பாடம் மனதில் தங்குமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு என் பதில், நீங்கள் வைக்கும் விதத்தில், பெரும்பாலும் இல்லை. இரண்டாவதற்கு ஆம், ஆனால் சில விஷயங்களை மாற்றினால்தான். நிறுத்த வேண்டாம். பல வருடங்களாக உயர்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தும், ஆசிரியர்களுக்கு வினாத்தாள் தயாரிப்பில் பயிற்சி கொடுத்தும் வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. படித்ததைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பது அதிக நாள் தங்கும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை இதில் புகழ்பெற்றது. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதையே மறுபடி படித்தார்கள். இன்னொரு சாரார் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ்: மறுபடி படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. இதே போக்கு வெவ்வேறு வயதினரிடமும் வெவ்வேறு பாடங்களிலும் திரும்பத் திரும்பத் தென்பட்டிருக்கிறது. ஆகவே, வகுப்பில் அடிக்கடி கேள்வி கேட்டு நினைவைத் தோண்டுவது நல்லதா என்பதில் விவாதம் கிடையாது.

அந்தச் சோதனையில் உங்கள் சிக்கலுக்கான விடையும் ஒளிந்திருக்கிறது. 5 நிமிடத்தில் வரும் மதிப்பெண் ஒரு வாரம் கழித்து வரப்போகும் மதிப்பெண்ணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, சொல்லப்போனால் தவறாகவே சொல்கிறது. நீங்கள் குவிஸ் வைப்பது பாடம் முடிந்த கையோடு. நீங்கள் சொன்னது இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது, கரும்பலகையில் எழுதியதுகூட அழியவில்லை. அந்த நேரத்தில் பத்துக்கு ஒன்பது வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். நினைவிலிருந்து எடுக்கும் பயிற்சி பலன் தர வேண்டுமென்றால் கொஞ்சமாவது மறந்திருக்க வேண்டும். எனவே நான் முதலில் மாற்றச் சொல்வது நேரத்தை. குவிஸை வகுப்பின் கடைசியிலிருந்து ஆரம்பத்துக்குக் கொண்டுவாருங்கள். அன்றைய பாடத்திலிருந்து ஒன்றுகூடக் கேட்காதீர்கள். நேற்றைய பாடத்தில் இரண்டு, போன வாரத்தில் இரண்டு, போன மாதத்தில் ஒன்றிரண்டு, அவ்வளவு போதும். ஸ்கோர் சடாரென்று இறங்கும். பிள்ளைகள் முகம் வாடும், “இதெல்லாம் எப்பவோ நடத்தினது டீச்சர்” என்பார்கள். ஏன் இப்படி வைக்கிறோம் என்பதை அவர்களிடமே சொல்லிவிடுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும்.

அடுத்தது வேகம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பல ஆசிரியர்கள் பாயிண்ட் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்ப்பதே இல்லை. கஹூட் என்ற ஆன்லைன் குவிஸ் செயலியின் வழக்கமான முறையை எடுத்துக்கொள்வோம். ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 1000 பாயிண்ட். கடைசி நொடியில் சரியாகச் சொன்னால் 500. இடைப்பட்ட நேரத்தில் சொன்னால், எடுத்துக்கொண்ட நேரத்துக்கு ஏற்ப இடைப்பட்ட பாயிண்ட். 20 நொடி கொடுத்திருக்கிறீர்கள் என்றால், 2 நொடியில் சரியாகத் தட்டியவருக்கு 950, 18 நொடி யோசித்துச் சரியாகத் தட்டியவருக்கு 550. இப்போது பத்துக் கேள்விக்கும் கூட்டிப் பாருங்கள். நிதானமாக யோசித்து எட்டுக் கேள்விக்குச் சரியாகச் சொன்ன பிள்ளைக்கு 4400. படபடவென்று தட்டி ஐந்து மட்டும் சரியாக்கிய பிள்ளைக்கு 4750. ஐந்து சரி, எட்டுச் சரியை முந்திவிட்டது! ஆட்ட முடிவில் திரையில் வரும் வெற்றி மேடையில் ஏறி நிற்பது அந்த ஐந்து. யோசிக்காமல் தட்டுவதுதான் புத்திசாலித்தனம் என்று பிள்ளைகள் இரண்டு மூன்று ஆட்டத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, விதி அப்படித்தான் இருக்கிறது.

கணக்கில் இது இன்னும் மோசம். இரண்டு படி போட வேண்டிய ஒரு கணக்கை 20 நொடியில் முடிக்கச் சொன்னால் கணக்குப் போடாமல் ஆப்ஷன்களைப் பார்த்து எது ‘பொருத்தமாக’ இருக்கிறது என்று தேடுவார்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோதே பிள்ளைகளின் பதில்கள் நீளமாகவும், காரணத்தோடும் வந்தன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். யோசிக்க நேரம் கொடுப்பதன் மதிப்பு அது. அந்த நேரத்தைப் பறிப்பதற்குப் பரிசு கொடுக்கும் ஒரு விளையாட்டை நாமே வகுப்புக்குள் கொண்டுவருகிறோம். என்ன செய்யலாம்? வேகத்துக்கான பாயிண்ட்டை அணைக்க வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். குவிஸிஸ் என்ற இன்னொரு செயலியில் (இப்போது வேகிரவுண்ட் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்) அந்த வசதி உண்டு. கூடவே அதில் கேள்வி ஒவ்வொருவர் திரையிலும் தனித்தனியாக வருவதால், அவரவர் வேகத்தில் போகலாம். அணைக்க முடியாத இடத்தில் டைமரை நீட்டுங்கள். தேதி, பெயர், வாய்பாடு மாதிரியான கேள்விக்கு 20 நொடி சரி. கணக்குப் போட வேண்டியதற்கு ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடம் கொடுத்தால் எதுவும் கெட்டுவிடாது. நேரம் நீண்டால் ஒரு நொடிக்கான பாயிண்ட் வித்தியாசமும் குறையும்.

சரி, இனி கேள்விக்கு வருவோம். இந்த விளையாட்டுகளில் வேறெவரோ செய்து வைத்த குவிஸ்கள் லட்சக்கணக்கில் கிடைக்கின்றன. ஆபத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்தான், ஆனால் பெரும்பாலானவற்றில் ஒரு சரியான விடையும், யாருமே தேர்ந்தெடுக்காத மூன்று குப்பை விடைகளும் இருக்கும். நல்ல கேள்வியில் ஒவ்வொரு தவறான விடைக்குப் பின்னாலும் ஒரு பிள்ளையின் எண்ணம் இருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. தசம எண்களில் எது பெரியது என்று கேட்க நினைக்கிறீர்கள். 0.6, 0.45, 0.1 என்று கொடுத்தால் முக்கால்வாசி வகுப்பு 0.6 என்று சரியாகச் சொல்லும். ஆனால் அதில் ஒரு கூட்டம் தப்பான காரணத்தால் சரியாகச் சொல்லியிருக்கும். தசமப் புள்ளிக்குப் பின் இலக்கங்கள் குறைவாக இருந்தால் எண் பெரியது என்று நம்பும் பிள்ளைகள் உண்டு. பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடப் பெரியது என்பதைத் தப்பாக நீட்டிக்கொண்டவர்கள் அவர்கள். இன்னொரு கூட்டம் இதற்கு நேர் எதிர்: இலக்கங்கள் கூடினால் எண்ணும் பெரிது என்பார்கள். அதனால்தான் 0.45 பெரியது என்று சொல்கிறார்கள், 45 ஆறைவிடப் பெரியதல்லவா! இந்த இரு கூட்டத்தையும் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் ஆப்ஷன்களை இப்படி வையுங்கள்: 0.3, 0.62, 0.415. குறைந்த இலக்கம் பெரியது என்று நினைப்பவர் 0.3ஐத் தட்டுவார். நிறைய இலக்கம் பெரியது என்று நினைப்பவர் 0.415ஐத் தட்டுவார். இட மதிப்பு புரிந்தவர் மட்டும் நடுவில் உள்ள 0.62க்கு வருவார். எந்த ஆப்ஷனை எத்தனை பேர் தட்டினார்கள் என்று காட்டும் மூன்று பட்டைகள் திரையில் எழும்போது, யாருக்கு எந்த வைத்தியம் தேவை என்பது ஐந்து நொடியில் தெரிந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு ஆன்லைன் குவிஸ் பிடிக்கும். கை தூக்கச் சொன்னால் முதல் பெஞ்சைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கை தூக்குவார்கள்.

நான்கு ஆப்ஷன் கட்டாயம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரோட்ரிகஸ் என்பவர் 80 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியிட்ட கட்டுரையின் முடிவு, பொதுவாக மூன்று ஆப்ஷன்களே போதும் என்பது. நான்காவதை இட்டு நிரப்ப மண்டையை உடைத்துக்கொள்வதற்குப் பதில் இன்னொரு கேள்வி எழுதலாம்.

ஊகத்தை மட்டும் மறந்துவிடக் கூடாது. நான்கு ஆப்ஷன் உள்ள கேள்வியில், ஒன்றுமே தெரியாத 40 பேர் கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் சராசரியாக 10 பேர் சரியாகச் சொல்வார்கள். வகுப்பில் 20 பேருக்குத் தெரியும், 20 பேர் ஊகிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரி என்ற பட்டையில் 25 பேர், அதாவது 60 சதவீதத்துக்கு மேல். ‘பாதிக்கு மேல் புரிந்துவிட்டது, அடுத்த பாடத்துக்குப் போகலாம்’ என்று தோன்றும். பாதிப் பேருக்குத்தான் புரிந்திருக்கிறது. சரியா தவறா வகைக் கேள்வி என்றால் இந்த மயக்கம் இன்னும் கூடும், ஊகத்திலேயே பாதி வந்துவிடும்.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். பட்டைகள் திரையில் எழுந்த பிறகு, அடுத்த கேள்விக்கான பட்டனைத் தட்டும் முன் என்ன நடக்கிறது? பெரும்பாலான வகுப்புகளில் எதுவும் நடப்பதில்லை. சரியான விடை பச்சையில் மின்னும், ஒரு கூச்சல், ஸ்கோர் பட்டியல், இன்னொரு கூச்சல், அடுத்த கேள்வி. ஆப்ஷன் கேள்விகளுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு: பிள்ளை தான் தேர்ந்தெடுத்த தவறான விடையையே உண்மை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ரோடிகர், பட்லர் இருவரும் 2008இல் காட்டியது, விடை அளித்த பிறகு சரியான விடையைத் தெரிவித்தால் இந்தக் கெடுதல் குறைகிறது, நன்மையும் கூடுகிறது என்பது. சரியான விடை இந்த விளையாட்டுகளில் உடனே காட்டப்படுகிறது, அது நல்ல விஷயம். ஆனால் தன் ரேங்க் என்ன என்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கண்ணில் அது பட்டதா?

ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1991 முதல் பின்பற்றிய முறை இங்கே கைகொடுக்கும். கேள்வி கேட்பார், ஒவ்வொருவரும் தனியாக விடையளிப்பார்கள். சரியான விடையைச் சொல்ல மாட்டார். பக்கத்தில் இருப்பவரோடு பேசி, உன் விடைதான் சரி என்று அவரை நம்பவை என்பார். பிறகு மறுபடி வாக்கெடுப்பு. முதல் சுற்றில் கிட்டத்தட்ட 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்ன கேள்விகளுக்கு இந்தப் பேச்சு நல்ல பலன் தரும். அதற்குக் கீழே என்றால் பாடத்தையே மறுபடி எடுக்க வேண்டும், மேலே என்றால் இரண்டு வரி விளக்கம் போதும். சும்மா நன்றாகப் படிப்பவரைப் பார்த்து மாற்றிக்கொள்கிறார்களா என்ற சந்தேகம் வரும். 2009இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு அதைத்தான் சோதித்தது. பேசி முடித்த பின் அதே கருத்தில் இன்னொரு புதுக் கேள்வியைத் தனியாகக் கேட்டபோதும் முன்னேற்றம் தெரிந்தது. யாருக்குமே ஆரம்பத்தில் விடை தெரியாத குழுக்களிலும்கூட.

உங்கள் வகுப்பில் இதைச் செய்வது எளிது. ‘மேலே எறிந்த கல் உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அப்போது காற்றின் பாதிப்பை விட்டுவிட்டால் அதன் மீது செயல்படும் விசை எது?’ என்று கேளுங்கள். விசை எதுவும் இல்லை, கீழ்நோக்கிய புவியீர்ப்பு மட்டும், எறிந்த விசையும் புவியீர்ப்பும் சமமாக. மூன்று ஆப்ஷன். முதல் தடவை இதைக் கருத்துக்கணிப்பு வகைக் கேள்வியாக வையுங்கள், அதில் சரியான விடை காட்டப்படாது, பாயிண்ட்டும் கிடையாது. பட்டைகள் மூன்று பக்கமும் சிதறும். “விசை இல்லைன்னு ஒருத்தர் ஏன் நினைச்சிருப்பார்?” என்று கேளுங்கள். யார் அதைத் தேர்ந்தெடுத்தது என்று கேட்காதீர்கள். ‘ஒருத்தர்’ என்றால் போதும், தேர்ந்தெடுத்தவரே தைரியமாகக் காரணம் சொல்வார், “அது நிக்குதே சார், விசை இருந்தா நிக்குமா?” என்று. அங்கிருந்துதான் பாடம் தொடங்குகிறது. இரண்டு நிமிடம் பேசவிட்டு, அதே கேள்வியைப் பாயிண்ட் உள்ளதாக மறுபடி போடுங்கள். இப்படிச் செய்தால் பத்து நிமிடத்தில் மூன்று கேள்விக்கு மேல் ஓடாது. ஓட வேண்டியதும் இல்லை.

பரீட்சையில் விழிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விளையாட்டில் நாம் தட்டச் சொல்கிறோம், பரீட்சையில் எழுதச் சொல்கிறோம். நான்கில் ஒன்றை அடையாளம் காண்பதும், வெறும் தாளில் நினைவிலிருந்து எழுப்புவதும் ஒரே வேலை இல்லை. மேலே சொன்ன 2006 சோதனையிலும் அவர்கள் எழுதித்தான் பார்த்தார்கள், ஆப்ஷனைத் தட்டவில்லை. இதற்கு நான் செய்வது: கேள்வியை மட்டும் முதலில் வாசித்துவிடுவேன், ஆப்ஷன்கள் வராது. ஒரு நிமிடம் நோட்டில் எழுத வேண்டும். அப்புறம்தான் ஆப்ஷன்கள். நோட்டில் எழுதியது ஆப்ஷன்களில் இல்லாதபோது வரும் முணுமுணுப்பு இருக்கிறதே, அதில் நல்ல விவாதம் கிளம்பும். கணக்கில் இது கண்டிப்பாக வேண்டும், இல்லையென்றால் படிகள் எழுதும் பழக்கமே போய்விடும்.

இனி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. இந்த விளையாட்டுகளால் மதிப்பெண் கூடுகிறதா என்று நேரடியாகப் பார்த்த ஆய்வுகள் ஏராளம். கஹூட் பற்றிய 93 ஆய்வுகளைத் தொகுத்து வாங், தாஹிர் என்ற இருவர் 2020இல் எழுதினார்கள். கற்றல், வகுப்பின் உற்சாகம், மாணவர்களின் மனப்பான்மை எல்லாவற்றிலும் பொதுவாக நல்ல விளைவு என்பது அவர்கள் முடிவு. விளைவே தெரியாத ஆய்வுகளும் அந்தத் தொகுப்பில் உண்டு. மாணவர்கள் சொன்ன குறைகளையும் பட்டியலிட்டிருக்கிறார்கள்: இணையம் அறுந்துபோவது, புரொஜெக்டரில் கேள்வியைப் படிக்க முடியாதது, நேர நெருக்கடி, தட்டிய விடையை மாற்ற முடியாதது, தோற்றுவிடுவோம் என்ற பயம், பின்தங்கினால் எட்டிப்பிடிக்க முடியாதது. படிக்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாங், நார்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் அங்கே நடத்திய ஆய்விலிருந்து பிறந்ததுதான் 2013இல் வெளிவந்த கஹூட். அதனால் முடிவு பொய் என்று ஆகிவிடாது, குறைகளை மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனாலும் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது. எனக்கு உள்ள தயக்கம் வேறு. இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் ஒப்பீடு, குவிஸ் வைத்த வகுப்புக்கும் வழக்கமான வகுப்புக்கும் இடையே இருக்கிறது. பலன் வந்தால் அது விளையாட்டால் வந்ததா, கேள்வி கேட்டதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் ஊகம், பெரும்பங்கு கேள்விக்கும் அதற்குப் பின் வரும் விளக்கத்துக்கும் உரியது. இசை, வண்ணம், மேடை எல்லாம் எல்லாப் பிள்ளைகளையும் விடையளிக்க வைப்பதற்கு. அதுவே சின்ன விஷயமில்லை.

ஸ்கோர் பட்டியல் நல்லதா கெட்டதா என்பதும் இன்னும் இழுபறிதான். ஹானஸ், ஃபாக்ஸ் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி வகுப்பு ஒன்றில் ஒரு செமஸ்டர் முழுக்கப் பட்டியலும் பதக்கங்களும் வைத்தார்கள். அதே பாடத்தை அவை இல்லாமல் படித்த வகுப்போடு ஒப்பிட்டால் ஆர்வம் குறைந்தது, கடைசிப் பரீட்சையிலும் பின்தங்கினார்கள். இது செமஸ்டர் முழுக்க நீடித்த ஏற்பாடு, பத்து நிமிட குவிஸ் இல்லை. அப்படியே உங்கள் வகுப்புக்குப் பொருத்திவிடக் கூடாது. நான் வகுப்பில் கவனிப்பது, முதல் ஐந்து இடங்களில் அதே ஐந்து முகங்கள் திரும்பத் திரும்ப வந்தால் மற்றவர்கள் மெல்லக் கைவிடுகிறார்கள். திரையில் மேலே உள்ளவர்கள் மட்டும் தெரிந்தாலும், கடைசியில் இருப்பவர் கையில் உள்ள திரை அவர் எத்தனையாவது என்று அவருக்குச் சொல்லிவிடுகிறது. ஆகவே பெரும்பாலும் குழுவாக ஆடவைக்கிறேன், மூன்று பேருக்கு ஒரு கருவி. பேசாமல் தட்ட முடியாது, கருவிகளும் குறைவாகப் போதும். இல்லையென்றால் பட்டியலைத் தாண்டிவிட்டு, மொத்த வகுப்பும் போன வாரத்தைவிட எத்தனை சதவீதம் கூட என்று மட்டும் காட்டுவேன்.

எந்தச் செயலி என்று நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கஹூட் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வியில் நிற்க வைக்கும், நான் சொன்ன விவாதத்துக்கு அதுதான் ஏற்றது. குவிஸிஸ் தனித்தனி வேகத்துக்கும் வீட்டுவேலைக்கும் நல்லது. ஜிம்கிட், புளூக்கெட் போன்றவற்றில் சரியான விடைக்குக் காசோ தங்கமோ கிடைக்கும், அதை வைத்து இன்னொரு விளையாட்டு நடக்கும். பிள்ளைகளுக்குக் கொள்ளைப் பிரியம், ஆனால் புளூக்கெட்டின் தங்கவேட்டையில் அடுத்தவர் தங்கத்தை அதிர்ஷ்டத்தால் பிடுங்கிக்கொள்ள முடியும் என்பதால் ஸ்கோருக்கும் படிப்புக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. நேரத்திலும் பாதி தங்கத்துக்கே போகும். பிள்ளைகளிடம் கருவியே இல்லை அல்லது பள்ளியில் அனுமதி இல்லை என்றால் பிளிக்கர்ஸ் பாருங்கள். ஆளுக்கு ஒரு காகித அட்டை, அதில் கியூஆர் கோடு மாதிரி ஒரு கறுப்புக் கட்டம். எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார்களோ அதுதான் விடை. ஆசிரியர் தன் செல்போன் கேமராவை வகுப்பின் மீது ஓடவிட்டால் பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையும் வேறு வேறு என்பதால் பக்கத்தில் பார்த்துக் காப்பியடிக்கவும் முடியாது. கூச்சல் குறைவு. எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும், பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது!

எதைப் பயன்படுத்தினாலும் குவிஸ் ஸ்கோரை மதிப்பெண் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். புனைபெயரில் விளையாடுவார்கள், நண்பனுக்காகத் தட்டுவார்கள், ஆட்டத்தில் சேர்வதற்கான எண்ணை வெளியே பகிர்ந்து வெளியாட்களும் உள்ளே வருவார்கள். மதிப்பெண் என்றதும் தவறாகச் சொல்ல எவருக்கும் துணிவு வராது, நமக்கு வேண்டியதே அந்தத் தவறான விடைகள்தான். ஆட்டம் முடிந்ததும் கிடைக்கும் அறிக்கையை இறக்கிக்கொண்டு, யார் எத்தனை என்பதைவிட எந்தக் கேள்வியில் எந்தத் தவறான ஆப்ஷனுக்குக் கூட்டம் போயிருக்கிறது என்று பாருங்கள்.

என் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். சின்ன வகுப்புகளில் எனக்கு அனுபவம் இல்லை, ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். இலக்கியம், கட்டுரை மாதிரியான பாடங்களில் ஒரே சரியான விடை என்ற அமைப்பே இடிக்கும், அங்கே மொழி ஆசிரியர்கள் சொல்வதைக் கேளுங்கள். வாசிப்பில் சிரமம் உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் டைமர் அவருக்குப் பெரிய அநியாயம். கேள்வியை நீங்களே உரக்க வாசித்து, எல்லாருக்கும் கேட்டபின் நேரத்தைத் தொடங்குங்கள். அப்படித் தொடங்க வழியில்லாத செயலி என்றால் அந்தக் குவிஸுக்கு டைமரே வேண்டாம்.

நான் சொன்னதை நம்பாமல் நீங்களே சோதிக்கவும் வழி இருக்கிறது. ஏறக்குறைய ஒரே கடினத்தில் இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு இப்போது வைப்பதைப் போலவே கடைசிப் பத்து நிமிடம் குவிஸ். இன்னொன்றுக்கு அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வகுப்பின் ஆரம்பத்தில், நீண்ட டைமரோடு, எழுதிப் பார்த்த பின் ஆப்ஷன், பட்டை வந்ததும் பேச்சு. பாடம் முடிந்து மூன்று வாரம் கழித்து இரண்டிலிருந்தும் ஐந்தைந்து கேள்விகள், ஆப்ஷன் இல்லாமல், எழுத்தில், முன்னறிவிப்பு இல்லாமல். ஒரு வகுப்பை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது, ஒரு பாடம் இயல்பிலேயே எளிதாக இருந்திருக்கலாம். உங்களுக்கு இரண்டு பிரிவுகள் இருந்தால், முறையை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், அந்தச் சந்தேகமும் குறையும். அவ்வளவுக்கு நேரமில்லை என்றால் நாளைக்கு டைமரை மட்டும் மாற்றிவிட்டு, கடைசி வரிசையில் யார் யார் விடையளிக்கத் தொடங்குகிறார்கள் என்று பாருங்கள்.